கன்னியம்மா அத்தைக்கு, ஒரு செங்கல்லோடு

என் கருவாட்டு ராணி கன்னியம்மா அத்தைக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டால் உதைக்க வருவாய். செத்தவளைப் பார்த்து இன்னாடி கேள்வி இது என்பாய். அதனால் கேட்கவில்லை.

உன் முதல் நினைவு நாளுக்குச் சூளைகளிலிருந்து மீண்ட நம் ஆட்களின் சங்கத்தில் ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். 'கொத்தடிமையாக இருந்து மீண்டு, மற்றவர்களையும் மீட்ட வீரமங்கை' என்று அட்டையில் வரப்போகிறது. போட்டோ கேட்டார்கள். இருப்பது ஆதார் அட்டையில் உள்ள ஒரே போட்டோதான். அதில் நீ ஆளை மீட்டவள் மாதிரி இல்லை, எதையோ திருடி மாட்டியவள் மாதிரி இருக்கிறாய்.

"பவி, நீதான் வாயாடியாச்சே, அத்தையப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடு. சிரிக்கிற மாதிரி எழுது, அழுவாச்சி வேணாம்" என்றார் சங்கத்தலைவர் ஏழுமலை மாமா. சிரிக்கிற மாதிரி எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று நாளாக உட்கார்ந்துகொண்டே இருக்கிறேன்.

படிக்கிறவர்களுக்காக உன் கதையை உனக்கே சொல்கிறேன், கோவிச்சுக்காதே. தாத்தா ஒரு கல்யாணச் செலவுக்குச் செங்கல் சூளையில் அட்வான்ஸ் வாங்கினார். அது அட்வான்ஸ் இல்லை, அட்டை. ஒட்டிக்கொண்டால் ரத்தம் குடித்து முடிக்கிற வரைக்கும் விழாது. ஏழு வயதில் நீ மண் மிதித்தாய். பத்து வயதில் அச்சு பிடித்துக் கல் அறுத்தாய். கல்யாணமான பிறகும் அதே சூளை. உன்னையும் உன் புருஷனான மாமாவையும் ஒரு ஜோடி என்று எழுதிக்கொண்டார்கள், மாட்டை எழுதுகிற மாதிரி. மாமா அங்கேயே ரத்தம் கக்கிச் செத்தார். ஜோடி உடைந்துவிட்டது என்று ஓனர் வருத்தப்பட்டாராம்.

உன் அம்மா ஒலக்கூரில் செத்தபோது உன்னை விடவில்லை. பாடை சூளைக்கு எதிரே ரோட்டில் போனது. கையெல்லாம் சேறாக நீ வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாய். "பாத்துட்ட இல்ல, போ, மண்ணு காயுது" என்றான் மேஸ்திரி. இதை எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னாய். நான் ஏதாவது ஜோக் அடித்துவிடுவேனோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டு சொன்னாய். நான் அடிக்கவில்லை அத்தே.

அப்புறம் ஒரு நாள் ஜீப் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்கள். உன் கட்டைவிரலில் மை தடவி அழுத்தினால் ரேகையே விழவில்லை. ரேஷன் கடை மெஷினும் உன்னைக் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. இருபத்தைந்து வருடம் சேறும் சூடும் தின்ற விரல். "என் ரேகைல்லாம் ஊரான் வூட்டு சொவுத்துல கீது, அங்க போய் மெஷினை வையி" என்று கடைக்காரரிடம் சொன்னாயே, அந்த மாதிரி ஒரு வரி எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ரேகை இல்லாத கோபத்தில்தான் கையெழுத்துக் கற்றுக்கொண்டாய். அந்தச் சான்றிதழைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லேமினேட் பண்ணி, கன்னிமார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாய். ஆறு மாதம் கழித்து, அதன் பின்பக்கம் ஒரு கையெழுத்து போட்டால்தான் மறுவாழ்வு உதவி கிடைக்கும் என்றார்கள். பிளாஸ்டிக் மேல் பேனா ஓடுமா? உன்னோடு விடுதலையான எல்லாருமே, நீ பண்ணியதைப் பார்த்து, லேமினேட் பண்ணி வைத்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாகக் கிடைத்த காகிதத்தை மழையில் நனையவிடக் கூடாது என்று நினைத்தது குற்றமா? அதற்கு ஒரு மனு, அந்த மனுவுக்கு ஒரு மனு. மனு கொடுத்துக் கொடுத்தே மனுஷி ஆனவள் நீ. கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற திங்கட்கிழமை ஆனால் விழுப்புரம் பஸ்ஸில் உனக்கு ஜன்னலோரம்.

மற்ற நாட்களில் மரக்காணத்துக் கருவாடு. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சூளை சூளையாக நுழைவாய். கருவாட்டுக்காரியை எந்த ஓனரும் சந்தேகப்படுவதில்லை. பேரம் பேசுகிற சாக்கில் எத்தனை குடும்பம், எத்தனை குழந்தை, யாரை வெளியே விடுவதில்லை என்று கேட்டுக்கொண்டு வருவாய். அப்புறம் மனு. அப்புறம் ஜீப். சங்கத்தில் இன்றைக்கு இருக்கிற குடும்பங்களில் பாதி அந்தக் கூடையில் வந்தவை.

இதுவரைக்கும் எழுதியதை ஏழுமலை மாமா அப்படியே போட்டுக்கொள்ளலாம். இனிமேல் எழுதப்போவதைப் போடுவாரா, தெரியாது.

என் வாய் உனக்குத் தெரியும். தலைமை ஆசிரியை குரலில் மைக்கில் அரை நாள் விடுமுறை அறிவித்து, ஐந்து வகுப்புகளைப் பையோடு கேட் வரைக்கும் அனுப்பியவள் நான். பள்ளிக்கூடத்தில் உன்னைக் கூப்பிட்டுத் திட்டினார்கள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாய். பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும், "எங்க, அந்தம்மா மாதிரி இன்னொருக்கா பேசு" என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "உனுக்கு இருக்கறது வாய் இல்லடி, ரேடியோ ஸ்டேசன்." அன்றைக்கே நாலு சாத்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிளியனூர் பக்கம் அந்தச் சூளைக்கு என்னையும் கூட்டிப் போனது நினைவிருக்கிறதா? கோடை விடுமுறை. நீ லட்சுமி அக்காவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாய். அவர் வீட்டுக்காரர் முருகன் அண்ணன் மண் குழைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் மகள் ரம்யா, என்னைவிட ஒரு வயது சின்னவள், இன்னும் சுடாத பச்சைக்கல்லை வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். வரிசை முடிகிற கல்லில் விரலால் ஒரு கோடு கிழித்தாள். எதுக்குடி என்றேன்.

"எங்க ஜோடி கல்லுன்னு தெரியணுமில்ல? எண்ணும்போது பக்கத்து ஜோடிக்குப் பூடும்."

"கோடா? எல்லாரும்தான் கோடு போடுவாங்க. இதப் போடு." இரண்டு புள்ளி வைத்து, கீழே ஒரு வளைவு இழுத்துக் காட்டினேன்.

"இன்னாது இது?"

"சிரிக்கற மூஞ்சி. போன்ல அனுப்புவாங்க. ஓனர் மூஞ்சிய இப்பிடி எப்பவாவது பாத்துகிறியா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த வரிசைக் கடைசியில் அவளே ஒன்று போட்டாள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

அப்போதுதான் ஓனர் வந்தார். "கருவாடு விக்க வந்தியா, ஆளக் கணக்கெடுக்க வந்தியா?" என்று கூடையை எட்டி உதைத்தார். நெத்திலி எல்லாம் சேற்றில் விழுந்தது. நீ ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய். வழியெல்லாம் நான் கத்திக்கொண்டு வந்தேன், நீ முன்னால் நடந்துகொண்டே இருந்தாய்.

அதற்குள் நீ மனு கொடுத்துவிட்டாய் என்றோ, ஜீப் வருகிற நாள் குறித்தாகிவிட்டது என்றோ எனக்குத் தெரியாது. அந்த நாளை நீ யாரிடமும் சொல்ல மாட்டாய், சொந்தத் தம்பியான என் அப்பாவிடம்கூட. "நாம வாயத் தொறந்தா அவன் லாரியத் தொறப்பான்" என்பாய்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். நீ பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாய். உன் போன் சார்ஜில் கிடந்தது. பக்கத்தில் உன் மஞ்சள் பை, அதில் ஒரு துண்டுச் சீட்டு, சீட்டில் அந்தக் கிளியனூர் சூளை ஓனர் நம்பர். எடுத்தேன். போட்டேன். டிவியில் பேட்டி கொடுக்கிற பெரிய அதிகாரி அம்மா மாதிரி, மூக்கால் பேசினேன்.

"நாங்க ஆபீஸ்ல இருந்து பேசறோம். செங்கல் சூளை ஓனர்தானே?"

"ஆமாங்க மேடம். சொல்லுங்க மேடம்."

"எத்தனை குடும்பம் வேலை செய்யிறாங்க? லிஸ்ட் ரெடி பண்ணி வைங்க. நாங்க வருவோம்."

"மேடம், எப்பன்னு சொன்னா..."

"அதச் சொல்லிட்டா வருவாங்க? கல்லு எண்ணற மாதிரி ஆளையும் எண்ணி வைங்க."

அவர் குரல் நடுங்கியது அத்தே. உன் கூடையை உதைத்தவர் குரல். போனை வைத்துவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். நெத்திலிக்குப் பழி வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன். சாயங்காலம் உன்னிடம் சொல்லிக் காட்டலாம் என்றுகூட வைத்திருந்தேன். சாயங்காலம் நீ சீக்கிரம் படுத்துவிட்டாய்.

மறுநாள் காலை நல்ல புடவையை எடுத்துக் கட்டியதைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. எங்க போற என்றேன். கருவாடு என்றாய். கூடையை எடுக்கவில்லை.

மத்தியானம் திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்தாய். அப்பா தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாய்.

"ராவோட ராவா ஏத்திக்கினு பூட்டான்டா. அடுப்பு சூடு ஆறல. சட்டில கேப்பைக் கூழு அப்பிடியே கீது. கொடில துணி காயுது. ஆளத்தான் காணோம். ஒரு ஆளு இல்ல." அப்புறம் என்னைப் பார்த்தாய். "வரிசை கடைசிக் கல்லுல ஒரு மூஞ்சி சிரிச்சிக்கினு கீதுடி."

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். நீ முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் பண்ணியிருக்க மாட்டேனே என்று மனதுக்குள் உன்மேலேயே பழி போட்டுப் பார்த்தேன். அது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

நீ பழி போட்டது வேறு ஆள் மேல். திண்டிவனம் சப் கலெக்டர் ஆபீசில் உன் மனுக்களை டைப் அடித்துக் கொடுக்கிற, கண்ணாடி போட்ட அந்த அண்ணன். தேதி தெரிந்த ஆட்கள் கொஞ்சம் பேர்தான், அதில் ஓனர் ஊர்க்காரர் அவர் ஒருவர். ஆபீஸ் வராண்டாவில் எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டாய். "நீதான்டா போன் பண்ண. எத்தினி புள்ளைங்க தெரியுமாடா? உனுக்கு சோறு எறங்குதா?"

"சத்தியமா இல்லம்மா. என் கொழந்த மேல ஆணையா நான் இல்லம்மா."

நான் உனக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ரேடியோ ஸ்டேஷனில் அன்றைக்கு ஒலிபரப்பே இல்லை. நீ அவர் மேலும் ஒரு மனு கொடுத்தாய். அவரை விழுப்புரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு உன் எல்லாத் திங்கட்கிழமையும் முருகன் அண்ணன் வீட்டு மூன்று பேருக்காகத்தான். அவர்களோடு போன மற்றக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக எங்கெங்கிருந்தோ தகவல் கொடுத்தன. முருகன், லட்சுமி, ரம்யா மட்டும் இல்லை. காலில் புண் வந்தது, சர்க்கரை என்றார்கள். செருப்பை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டு விழுப்புரம் போனாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டிலேயே கண்ணை மூடிவிட்டாய். மறுநாளைக்கான மனு எழுதி மஞ்சள் பையில் இருந்தது.

ஒன்று கேட்கிறேன், பதில் வராது என்று தெரிந்தே கேட்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நீ போனை வீட்டில் வைத்ததே இல்லை. குளிக்கப் போனால்கூடச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டு போவாய். ஏன் அத்தே?

உன்னைப் புதைக்கும்போது அப்பா அந்தச் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி உன் நெஞ்சில் வைத்தார். "மேல போனாலும் எவனாவது புடிச்சி எந்தச் சூளைன்னு கேப்பான். கைல இருக்கட்டும்" என்றார். லேமினேட் பண்ணியது, மட்கவே மட்காது. கூட்டத்துக்கு வெளியே கண்ணாடி அண்ணன் நின்றிருந்தார். முன்னால் வந்து உனக்கு மாலை போட்டார். எனக்குப் பக்கத்தில் நின்றுதான் போட்டார்.

இப்போதைய சேதிக்கு வருகிறேன். பொங்கலுக்குப் பிறகு நம் சங்கத்தில் மூன்று குடும்பம் மறுபடியும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சூளைக்குப் போய்விட்டது. நீ மீட்ட குடும்பங்கள்தான். "இங்க இன்னா வேலை கீது, சொல்லு" என்று என்னிடமே கேட்டார்கள். ஏழுமலை மாமா சங்க போர்டைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுகிறார். அது ஒன்றுதான் சங்கத்தில் நடக்கிற வேலை.

இன்னொரு சேதி. நீ பத்து வருடமாக மனு கொடுத்தாயே, அந்த வீடு வந்துவிட்டது. அரசாங்க வீடு. நம் வரிசையில் முதல் வீடு நம்முடையது. போன மாதம் லாரியில் செங்கல் வந்தது. எல்லாரும் வரிசையாக நின்று கை மாற்றி இறக்கினோம். நான் நடுவில், கல்லுக்கு ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். கைக்கு ஒரு கல் வந்தது. தலைகீழாக இருந்தது, திருப்பினேன்.

இரண்டு புள்ளி. கீழே ஒரு வளைவு. நன்றாக வெந்து சிவந்திருந்தது.

பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம் ஓடினேன்.

"அண்ணே, இந்தக் கல்லு எந்தச் சூளைண்ணே?"

"இன்னாத்துக்குப் பாப்பா? கல்லு நல்லாத்தானே கீது?"

"சொல்லுண்ணே."

"எனுக்கு இன்னா தெரியும்? யார்டுல ஏத்துனாங்க, எடுத்துக்கினு வந்தேன். எங்கெங்கயோ அறுத்த கல்லு, அங்க ஒண்ணாக் கொட்டிக் கெடக்கு. பார்டர் தாண்டியும் வருது. பேஜாரு பண்ணாத, ஜல்தி எறக்குங்க."

லோடு முழுக்கத் தேடினேன். இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்றைப் பள்ளிக்கூடப் பையில் வைத்தேன், இரண்டை ஓரமாக எடுத்து வைத்தேன். மறுநாள் நான் வருவதற்குள் கொத்தனார் அந்த இரண்டையும் சுவரில் வைத்துவிட்டார். சிமெண்டுக்குள் எது எங்கே என்று தெரியவில்லை. "கல்லுன்னா சொவுத்துக்குத்தான் பாப்பா" என்றார். அவரைத் திட்ட என்ன இருக்கிறது?

அப்பாவிடம் கல்லைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "உசுரோட கீறாங்க, அவ்ளோதான். எங்கியோ அறுத்துக்கினு கீறாங்க" என்றார். "அக்காவப் பொதச்ச மண்ணுல வெச்சிடு, அதுவாவது பாத்துக்கினு இருக்கட்டும்."

நீ கேட்டு வாங்கிய வீடு, அவர்கள் அறுத்த கல்லில் ஏறுகிறது அத்தே. அதற்குள் நான் படுத்துத் தூங்க வேண்டுமாம். ஜோக் அடிக்கிறதில் நான் பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன். என்னைவிடப் பெரிய ஆள் ஒருத்தன் மேலே இருக்கிறான்.

போன திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு, உன் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து விழுப்புரம் போனேன். பையில் மனுவும் கல்லும். மனு வாங்கிய அதிகாரி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. எந்த ஊர், எந்தச் சூளைன்னு சொன்னா ஆள் அனுப்பலாம். சரி, பதிஞ்சிட்டுப் போ" என்றார். கெட்டவர் இல்லை. அவர் சொன்னதும் தப்பில்லை. அதுதான் தாங்கவில்லை.

பதிகிற மேசையில் கண்ணாடி அண்ணன்.

மனுவை நீட்டினேன். படித்தார். மூன்று பேர் பெயரையும் படித்ததும் நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரிந்த எந்தக் குரலும் அப்போது வரவில்லை. மிச்சம் இருந்த என் குரலில் சொன்னேன்.

"சார், அன்னிக்கி ஓனருக்குப் போன் பண்ணது நான்தான் சார். வெளையாட்டுக்கு. வர்ற நாளு எனக்குத் தெரியாது சார்."

கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "ஜல்திம்மா, பஸ்ஸு பூடும்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவை என் பக்கம் திருப்பினார்.

"தேதி போடல பாரு."

போட்டேன். முத்திரை குத்தி ரசீது கிழித்துக் கொடுத்தார். நான் திரும்பினபோது மெதுவாகக் கேட்டார்.

"உங்க அத்தைக்கு நான் மால போட்டப்ப, நீ பக்கத்துலதானே நின்ன?"

"ஆமாம் சார்."

"போ."

அவ்வளவுதான். மன்னித்தாரா, தெரியாது. மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை நினைவு நாளில் எல்லார் முன்னாலும் என்னையே படிக்கச் சொல்லியிருக்கிறார் ஏழுமலை மாமா. படிப்பேன். அவர் முதல் பாதியோடு நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டேன். கண்ணாடி அண்ணன் மேல் இந்த ஊரில் இன்னும் பழி இருக்கிறது. அதை நான்தான் இறக்க வேண்டும், கல் இறக்குகிற மாதிரி, எல்லாரும் பார்க்கக் கையால்.

உன் கூடையைப் பரணிலிருந்து எடுத்தேன். கழுவிப் பார்த்தேன், நாற்றம் போகவில்லை. நல்லதாகப் போயிற்று. பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாள் மரக்காணம் போய் நெத்திலி வாங்குவேன். சூளை சூளையாகப் போவேன். கருவாடு விற்பேன், வரிசையின் கடைசிக் கல்லைப் பார்ப்பேன். கண்டுபிடிப்பேன் என்று உனக்குச் சத்தியம் பண்ண மாட்டேன். சூளைகள் அவ்வளவு இருக்கின்றன, லாரிகள் அவ்வளவு இருக்கின்றன, நான் ஒருத்தி. எனக்கு நம்பிக்கை இல்லை அத்தே. போவேன் என்று மட்டும் சொல்கிறேன்.

கல்லை உன் மண்ணில் வைக்கவில்லை. சுவரிலும் வைக்கவில்லை. கூடைக்கு அடியில், கருவாட்டுக்குக் கீழே இருக்கும். கனமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

உன் குரல் எனக்கு அப்படியே வரும், தெரியுமா? "கருவாடேய்" என்று நீ கடைசியில் இழுப்பாயே, அதுவும் வரும். நேற்று ஒரு முறை தனியாகக் கூவிப் பார்த்தேன். அப்பா வெளியே ஓடி வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். இனிமேல் கூவ மாட்டேன். யார் குரலிலும் பேச மாட்டேன்.

உன் தம்பி மகள்,
உன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு சும்மா நின்றவள்,
பவித்ரா